உங்களைக் காத்த சட்டத்தை ரத்து செய்யக் கைதட்டாதீர்கள்: பிரிட்டன் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் உள்ள தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், கோயில் அறங்காவலர்களுக்கும், கவுன்சிலர்களாக இருக்கும் தமிழர்களுக்கும், அங்கே வாக்குரிமை பெற்றிருக்கும் எங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும்:

லண்டனில் உங்கள் சங்கங்களில் ஒன்று நடத்திய பொங்கல் விழாவின் காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அடுத்த தேர்தலில் நிற்கப்போகிற ஒருவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினீர்கள். தங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால் 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டத்தை ரத்து செய்வோம், அந்தச் சட்டத்துக்கு அடிப்படையான ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்திலிருந்தும் வெளியேறுவோம் என்று அவர் பேசினார். முன்வரிசையில் கைதட்டல். கைதட்டியவர்களில் சிலருடைய வழக்குக் காகிதங்களை நான் என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன். அவர்கள் பெயரை எந்நாளும் வெளியே சொல்லமாட்டேன். ஆனால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் மன்னாரில் பிறந்தவள். 1990-இல் சண்டை மறுபடி தொடங்கியதும் படகேறி இராமேசுவரத்தில் இறங்கினோம். மண்டபம், பிறகு புழல் முகாம், கல்யாணத்துக்குப் பிறகு வளசரவாக்கத்தில் வாடகை வீடு. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில் ஒரு டைப்பிங் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். உங்களில் பலருடைய வழக்குக்கு வேண்டிய காகிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, நோட்டரி முத்திரை வாங்கி, லண்டன் வக்கீலுக்குக் கூரியரில் அனுப்பியது அந்தக் கடைதான். விதானையார் (இலங்கையில் கிராம அலுவலர்) கொடுத்த கடிதம், ஜே.பி. எனும் சமாதான நீதவானின் கையெழுத்து, பங்குத்தந்தையின் சான்று, ஆஸ்பத்திரித் துண்டு, செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த தடுப்புக்காவல் அட்டை, எல்லாம் என் மேசைக்கு வந்து போனவை.

ஒரு அம்மா அந்த அட்டையைப் பால் கவரில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். போட்டோவில் பின் அடித்த இடத்தில் துரு இறங்கி, மகனின் நெற்றியில் பழுப்பாக ஒரு புள்ளி. ஸ்கேனரில் வைக்கவேண்டும், கொடுங்கள் அம்மா என்றேன். "நான் கையிலயே பிடிச்சிருக்கிறன் பிள்ளை, நீ அப்பிடியே எடு" என்றார். அவருடைய விரலும் சேர்ந்துதான் அந்தப் பிரதியில் விழுந்தது. வக்கீல் அதையே தாக்கல் செய்தார். அந்த மகன் இன்று பிரிட்டிஷ் குடிமகன். உங்கள் ஊரில் கடை வைத்திருக்கிறார்.

பொய்க் கடிதம் தயார்செய்து தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவர்கள் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உண்மையான காகிதம் எப்படி இருக்கும், அதைக் கொண்டுவருகிறவர்களின் கை எப்படி நடுங்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1992-இல் இங்கிருந்து ஆட்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். முகாமில் அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சொந்த விருப்பத்தின் பேரில் திரும்புகிறேன் என்று அதில் இருந்ததை, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நான் வாசித்துச் சொன்னேன். அப்பாவும் தம்பியும் கப்பலேறிப் போனார்கள். 2000-இல், வேலை தேடிக் கொழும்பு போய் லாட்ஜில் தங்கியிருந்த தம்பியைப் பிடித்து, நாலாம் மாடி என்று நாங்கள் சொல்லும் போலீஸ் விசாரணைத் தலைமையகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை அவன் இன்றுவரை என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. முதுகில் சிகரெட்டால் சுட்ட தழும்புகள் இருப்பதை மருத்துவ அறிக்கையைத் தட்டச்சு செய்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

2001-இல் அவன் லண்டன் போய்ச் சேர்ந்தான். பிரிட்டனின் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபிஸ் அவனுடைய அகதி மனுவை நிராகரித்தது. 2002-இல் போர்நிறுத்தம் வந்துவிட்டது, இனி அங்கே பயமில்லை என்பது அவர்களுடைய வாதம். மேல்முறையீட்டில் அவனுடைய வக்கீல் மனித உரிமைச் சட்டத்தின் வழியாக ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவை எடுத்தார். யாரையும் சித்திரவதைக்கோ, மனிதத்தன்மையற்ற நடத்துதலுக்கோ, இழிவுபடுத்தும் தண்டனைக்கோ உள்ளாக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. அதற்கு விலக்கே கிடையாது. போர்க் காலம், அவசரநிலை என்று எதைச் சொல்லியும் அதைத் தள்ளிவைக்க முடியாது. தழும்புகளைப் பார்த்து, மருத்துவரின் அறிக்கையைப் படித்து, இந்த மனிதரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று தீர்ப்பளித்தவர் ஒரு பிரிட்டிஷ் நீதிபதி. போர்நிறுத்தம் எத்தனை நாள் தாங்கியது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தச் சட்டம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்று உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமானநிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் இளைஞர்கள் உடுப்பைக் களைந்துவிட்டு நின்றார்கள். அதுதான் அவர்களிடம் மிஞ்சியிருந்த ஒரே வழி. அதே ஆண்டு 'எர்ல் வில்லியம்' என்ற பழைய படகுக் கப்பலை ஹார்விச் துறைமுகத்தில் கட்டி, அதற்குள் நம் ஆட்களை அடைத்து வைத்தார்கள். அக்டோபர் புயலில் அது கட்டறுந்து அலைந்தது. அந்த ஆண்டு வந்தவர்களில் ஐந்து தமிழர்களை 1988 பிப்ரவரியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். மேல்முறையீடு செய்யவேண்டுமானால் போய்விட்டு அங்கிருந்து செய் என்பது அன்றைய விதி. போன இடத்தில் அவர்களில் சிலர் மறுபடி பிடிபட்டு அடிபட்டார்கள். பிறகு மேல்முறையீட்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பாகி 1989-இல் திரும்பி வந்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன அவர்களுடைய வழக்கில், பிரிட்டன் ஒப்பந்தத்தை மீறவில்லை என்றுதான் 1991-இல் தீர்ப்பு வந்தது. அந்த நீதிமன்றம் எப்போதும் அகதி பக்கமே சாயும் என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் எடுத்துப் படிக்கவேண்டும்.

2000 அக்டோபர் 2-ஆம் தேதி மனித உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்கை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், உங்கள் ஊர் நீதிபதி முன்னாலேயே அந்த உரிமைகளைச் சொல்லி வாதாட முடிந்தது. 2008-இல் ஒரு தமிழரைத் திருப்பி அனுப்பினால் மூன்றாம் பிரிவு மீறப்படும் என்று ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பளித்தது. 2019-இல் இன்னொரு வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்ட தழும்புகளோடு வந்த தமிழர் அவர். வேண்டுமென்றே இன்னொருவரைக் கொண்டு சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று கீழமை நீதிமன்றங்களில் சந்தேகப்பட்டு அவருடைய மனுவைத் தள்ளியிருந்தார்கள். மருத்துவச் சான்றைச் சரியாக எடைபோடவில்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிக்க வைத்தது. சித்திரவதை பற்றிய சட்டத்தை வளர்த்ததில் நம் ஆட்களின் முதுகுக்கும் பங்கு இருக்கிறது. அதை ரத்து செய்வதாகச் சொல்கிறவருக்கு நீங்கள் பொன்னாடை போர்த்தியது அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

"வெளிநாட்டு நீதிபதிகள் எங்கட நாட்டை ஆளக்கூடாது" என்று உங்களில் ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். மனித உரிமைச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு சொல்கிறவர்கள் பிரிட்டிஷ் நீதிபதிகள். நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டம் உரிமைகளோடு முரண்பட்டால், முரண்படுகிறது என்று அறிவிக்க மட்டுமே அவர்களால் முடியும். அந்தச் சட்டத்தைத் தூக்கி எறியும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை; மாற்றுவதும் விடுவதும் நாடாளுமன்றத்தின் விருப்பம். ஒப்பந்தமும் வெளியார் திணித்தது கிடையாது. அதை எழுதியதில் பிரிட்டிஷ் வழக்கறிஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1950-இல் கையெழுத்திட்ட நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. இன்று அதற்கு வெளியே நிற்கும் பெரிய நாடு, அந்த ஒப்பந்தத்தை நடத்தும் ஐரோப்பிய மன்றத்திலிருந்து 2022-இல் நீக்கப்பட்ட ரஷ்யா. அந்த வரிசையில் போய் நிற்கத்தான் 2025 ஆகஸ்டில் ரிஃபார்ம் கட்சியும், அக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சியும் வாக்குறுதி கொடுத்திருக்கின்றன. ஆளும் லேபர் கட்சி ஒப்பந்தத்தில் இருப்போம் என்கிறது. ஆனாலும் குடும்ப வாழ்க்கையைக் காக்கும் எட்டாம் பிரிவை இறுக்கிப் பிடிக்கும் திட்டத்தை நவம்பரில் அதுவும் அறிவித்தது.

இன்னொருவர் சொன்னது: "உந்தச் சட்டத்தாலதான் கள்ளர் காவாலியெல்லாம் அனுப்பேலாமல் உள்ளுக்கு நிக்கினம்." குற்றம் செய்தவரைத் தண்டியுங்கள். அதற்கு உங்களிடம் போலீசும் நீதிமன்றமும் சிறையும் இருக்கின்றன. தண்டனை முடிந்த ஒருவரைச் சித்திரவதை செய்கிறவன் கையில் ஒப்படைப்பது எந்தச் சட்டப்புத்தகத்திலும் தண்டனையாக எழுதப்படவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இடமில்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதை நான் இங்கிருந்து பார்த்தேன். 2025 மே 19-ஆம் தேதி, தண்டனைக் காலத்தை முடித்த ஓர் இலங்கைத் தமிழர், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து, மனைவி பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். உலகம் முழுவதிலுமிருந்து வருகிறவர்களை வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் இல்லை, வேறு நாட்டுக்குப் போங்கள் என்றது அமர்வு. அவர் குற்றவாளி என்று தீர்ப்பானவர்தான், மறுக்கவில்லை. அதே மனிதர் லண்டனில் நின்றிருந்தால், போன இடத்தில் உனக்கு என்ன நேரும் என்று கேட்டு, பதிலை எடைபோட்டுவிட்டுத்தான் நீதிபதி முடிவு சொல்லியிருக்க முடியும்.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு எல்லா மனிதருக்கும் உரியது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. எங்களுக்கு அதுதான் பிடிமானம். தமிழ்நாட்டு மக்கள் எங்களுக்குச் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அக்கம்பக்கத்து அக்காமார் என் பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். 2021-க்குப் பிறகு முகாம்களில் நல்ல வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், மறுவாழ்வு முகாம் என்று பெயரையும் மாற்றினார்கள். ஆனால் இதெல்லாம் தயவாக வந்தது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். மார்க் இருந்தது. ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "அகதிப் பிள்ளைகளுக்கு இந்த வருசம் இல்லைம்மா" என்றார்கள். பின்னால் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் என் வயது போய்விட்டது. அன்று நான் எந்த நீதிமன்றத்தில், எந்தப் பிரிவைச் சொல்லி வழக்குப் போட்டிருப்பேன்?

என் மகள் 1995-இல் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். சென்னையில் படித்து, ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. அவள் பிந்திப் பிறந்தாள்; நாங்கள் இருவரும் இலங்கையர். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. எங்களைச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது ஆவணம் இல்லாத காரணத்துக்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று மத்திய அரசு ஆணை போட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினோம். இருந்தாலும் அது ஓர் ஆணை. இன்னோர் ஆணை வந்தால் போகும். முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர் குடைக்குள் தலையை மட்டும் நீட்டி நிற்கிறவள் சொல்கிறேன், கையில் இருக்கிற குடையைத் தூக்கி எறியாதீர்கள்.

2021 அக்டோபரில் ஒரு படகு டியாகோ கார்சியா தீவில் போய் ஒதுங்கியது. கனடாவுக்குப் போகக் கிளம்பியவர்கள். தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்தத் தீவு பிரிட்டனின் ஆட்சியில் உள்ளது. ஆனால் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் அந்தத் தீவுக்குப் பொருந்தாது என்பதுதான் பிரிட்டிஷ் அரசின் நிலைப்பாடு. அங்கே சுமார் அறுபது தமிழர்கள், குழந்தைகளும் உட்பட, எலி ஓடும் கூடாரங்களில், வேலிக்குள், மூன்று வருடம் கிடந்தார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில்தான் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே பிரிட்டன், அதே அதிகாரிகள், அதே தமிழர்கள். மனித உரிமைச் சட்டத்தின் கை எட்டாத இடத்தில் அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இப்போது குடிமக்கள், எங்களுக்கு இனி அது எதற்கு என்று நினைக்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டையே பாருங்கள். உங்கள் அம்மா அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அவர்களில் பலருக்கு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச வராது. நோயாளியிடம் கேட்காமலே, இதயம் நின்றால் உயிர்மீட்புச் சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவமனை கோப்பில் எழுதிவைத்தது தவறு என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் எட்டாம் பிரிவை வைத்துத்தான். லண்டனில் டாக்ஸி ஓட்டுநர் ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள், போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை என்று வழக்குப் போட்டு 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது மூன்றாம் பிரிவை வைத்து. உங்கள் பெண்பிள்ளைகள் இரவில் டாக்ஸியில்தான் வீடு வருகிறார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

மனித உரிமைச் சட்டத்தை ரத்து செய்வதையும் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவதையும் எதிர்க்கிறோம் என்று ஒவ்வொரு சங்கமும் கோயில் நிர்வாகமும் எழுத்தில் தீர்மானம் போடவேண்டும். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை; லேபர் கட்சியின் திட்டத்தையும் சேர்த்தே கேள்வி கேளுங்கள்.

வேட்பாளர்களை மேடைக்கு அழைக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். அழைத்தால் பொன்னாடைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: சித்திரவதை செய்யப்படுவார் என்று தெரிந்தும் ஒருவரைத் திருப்பி அனுப்புவீர்களா? பதிலைக் காணொளியில் பதிவுசெய்து எல்லோருக்கும் அனுப்புங்கள். அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் வந்தாகவேண்டும். அதுவரை காத்திருக்காமல் இப்போதே உங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதுங்கள். கவுன்சிலர்களாக இருக்கும் தமிழர்களே, உங்கள் கட்சிக்குள் இதைப் பேசவேண்டியவர்கள் நீங்கள். மேடையில் பேசத் தயங்கினால் கட்சிக் கூட்டத்திலாவது பேசுங்கள்.

மூன்றாம் பிரிவால் தப்பியவர்கள், பெயர் சொல்லாமல் ஊர் சொல்லாமல் உங்கள் கதையை எழுதிக்கொடுங்கள். சங்கங்கள் அதைத் தொகுத்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கட்டும். எழுத முடியாதவர்கள் எனக்குக் குரல்பதிவு அனுப்புங்கள். தட்டச்சு செய்து தர என் கடையும் கையும் இருக்கின்றன. ஒரு பைசா வாங்கமாட்டேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிகளில் 1987-இல் நடந்ததை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்பா எப்படி அந்த நாட்டில் தங்கினார் என்பதே தெரியாமல் அவர்கள் வாக்குச் சாவடிக்குப் போகக்கூடாது.

இந்த மடலை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து வாசியுங்கள். என்ன முடிவெடுத்தீர்கள், யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதை உங்கள் உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும்படி தமிழில் வெளியிடுங்கள்.

உங்கள் சகோதரி,
வளசரவாக்கம், சென்னை